கால் எடுக்கக் காசு இருக்கிறது, கால் காக்கக் காசு எங்கே?

சேரிக்குள் சர்க்கரை வியாதி வந்து வெகுநாளாகிவிட்டது. ஒரு காலத்தில் இதற்குப் பணக்கார வியாதி என்று பேர். உட்கார்ந்து தின்கிறவனுக்குத்தான் வரும், உழைக்கிறவனை அண்டாது என்று படித்தவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். இன்றைக்குக் களை எடுக்கப் போகிற அம்மாவுக்கு இருக்கிறது. செங்கல் சூளையில் வேகிறவருக்கு இருக்கிறது. விடிவதற்குள் நகராட்சிக் குப்பையை அள்ளி முடிக்கிறவருக்கு இருக்கிறது. மூணு வேளையும் ரேஷன் அரிசி, தூக்கம் கெட்ட வேலை, கடன் கவலை, சாராயக் கடையைத் தெருமுனையில் கொண்டுவந்து வைத்த அரசாங்கம் - இவ்வளவும் சேர்ந்த உடம்பில் சர்க்கரையும் பிரஷரும் குடியேறாமல் என்ன செய்யும்?

கால் விரலில் ஒரு கொப்புளம் வரும். வலி தெரியாது, ஏனென்றால் நரம்பு செத்திருக்கும். வரப்பிலும் சேற்றிலும் நடந்த கால், மஞ்சள் பத்தோடு ஒரு மாதம் ஓடும். பிறகு ஒரு நாள் ஜுரம், நாற்றம், 108 வண்டி, ஜி.ஹெச். 'கால் எடுத்தாகணும்' என்பார்கள். எடுத்துவிடுவார்கள். அறுவை அரங்கு இருக்கிறது, மயக்க மருந்து இருக்கிறது, டாக்டர் இருக்கிறார். சிறுநீரகம் போனால் டயாலிசிஸ் இருக்கிறது, 2009இல் தொடங்கிய அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் வழிவந்த அட்டையும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் காசு இருக்கிறது.

ஆனால் அந்தக் கொப்புளம் வருவதற்கு முன்பே, 'அம்மா, செருப்பைக் கழட்டுங்க, பாதத்தைக் காட்டுங்க' என்று சொல்லியிருக்க வேண்டிய ஒரு டாக்டர் உண்டு. அவர் எங்கே? அப்படிப்பட்ட டாக்டரைப் பயிற்றுவிக்க எந்தக் கணக்கில், எவ்வளவு காசு ஒதுக்கியிருக்கிறார்கள்? நாம் கேட்க வேண்டிய கேள்வி இது. இது மருத்துவத்துறையின் உள்விவகாரம் அல்ல. சேரியின் கேள்வி.

தமிழ்நாட்டில் 2020இல் உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி ஒரு கணக்கெடுப்பு எடுத்தார்கள். வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு ரத்தக் கொதிப்பு. அப்படி ரத்தக் கொதிப்பு உள்ளவர்களில், அது கட்டுக்குள் இருந்தவர்கள் நூற்றுக்கு 7 பேர். சர்க்கரையில் நூற்றுக்கு 11 பேர் அளவுக்குத்தான். பிறகு 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய்ப் பிரஷர் பார்க்கிறார்கள், சர்க்கரை பார்க்கிறார்கள், மாதாமாதம் மாத்திரை கொடுக்கிறார்கள். 2023-24இல் மறுபடி கணக்கெடுத்தபோது அந்த 7 என்பது 17 ஆகியிருந்தது. 2024இல் ஐ.நா. விருதும் கிடைத்தது.

இதைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனமில்லை. மாத்திரை வாங்கப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று நின்றுபோன எத்தனையோ பேருக்கு அந்த மாத்திரை வாசலுக்கு வந்திருக்கிறது. அதைக் கொண்டுவந்தவர்களும் பெரும்பாலும் நம்மைப் போன்ற வீட்டுப் பெண்கள்தான். ஆனால் 17 என்ற எண்ணைத் திருப்பிப் போட்டால் 83. மாத்திரை வந்த பிறகும் நூற்றுக்கு 83 பேருக்கு அடங்கவில்லை என்றால், மாத்திரையோடு வர வேண்டிய வேறு ஏதோ வரவில்லை என்று அர்த்தம்.

வராதது என்ன? அதற்கு மருத்துவத்தில் திட்டமிட்ட பராமரிப்பு என்று பேர். பேர் பெரிது, விஷயம் எளிது. ஊரிலும் சேரியிலும் யார் யாருக்கு என்ன நோய் என்று ஒரு பதிவேடு. யார் எந்த மாதம் வர வேண்டும் என்று ஒரு கணக்கு. வரவில்லை என்றால் 'ஏன் வரலை?' என்று வீட்டுக்குப் போய்க் கேட்கிற ஓர் ஆள். வருஷத்துக்கு ஒருமுறை கண், பாதம், சிறுநீரகம் பார்ப்பது. இரண்டு மாத்திரையில் அடங்கவில்லை என்றால் மூன்றாவதைச் சேர்ப்பது, சேர்க்க முடியாவிட்டால் எங்கே அனுப்பலாம் என்று தெரிந்திருப்பது, அனுப்பியவர் திரும்பி வந்தாரா என்று பார்ப்பது. இதையெல்லாம் நர்ஸம்மா, தன்னார்வலர், மருந்தாளுநர் எல்லோரும் சேர்ந்து ஒரு குழுவாகச் செய்வது. அந்தக் குழுவின் நடுவில் பத்து வருஷம், இருபது வருஷம் அதே சனங்களைத் தெரிந்துவைத்திருக்கிற ஒரு குடும்ப மருத்துவர். அவர்தான் வரவில்லை.

'எம்.பி.பி.எஸ். படிச்சவங்களுக்கு இது தெரியாதா?' என்று கேட்கலாம். தெரியாது. தெரிவதற்கு வழி வைக்கவில்லை. ஐந்தரை வருஷத்தில் பெரும்பகுதியை மாணவர்கள் பெரியாஸ்பத்திரி வார்டில் கழிக்கிறார்கள். வார்டில் நோயாளி படுத்திருப்பார். ஒரு வாரம் இருப்பார், போய்விடுவார். அவர் எந்தத் தெரு, என்ன வேலை, இட்லி சாப்பிடுகிறாரா பழைய சோறா, மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினார் - எதுவும் தெரிய வேண்டிய அவசியமில்லை. கேஸ் ஷீட்டில் அதற்கு இடமில்லை. நோய் முற்றி வந்தவரைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, நோய் முற்றாமல் தடுக்கிற வேலை வேலையாகவே தெரியாது. அதை ஆரம்ப சுகாதார நிலையத்தில், அங்கேயே இருந்து, அதில் கைதேர்ந்த ஒருவரிடம்தான் கற்றுக்கொள்ள முடியும். அப்படிக் கற்பிக்க ஆசிரியர் வேண்டும், இடம் வேண்டும், சம்பளம் வேண்டும். காசு வேண்டும்.

இது யாருக்கும் தோன்றாத யோசனை அல்ல. எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

1946இல் போர் குழு அறிக்கை வந்தது. நோய் வருமுன் காக்கத் தெரிந்த, சமூகத்தைத் தெரிந்த மருத்துவர்தான் இந்த நாட்டுக்கு வேண்டும் என்று அது சொன்னது. அதே அறிக்கை, அன்றைக்கு நாட்டு மருத்துவர்களில் பாதிக்கும் மேல் இருந்த எல்.எம்.பி. என்ற குறுகிய காலப் படிப்பை நிறுத்தவும் சொன்னது. குழுவுக்குள்ளேயே சிலர் இதற்கு மாற்றுக் கருத்து எழுதினார்கள். எடுபடவில்லை. கிராமத்துக்குப் போயிருக்கக்கூடிய மருத்துவர் நிறுத்தப்பட்டார். அவருக்குப் பதில் வருவார் என்று சொன்ன மருத்துவர் வரவில்லை.

1970களின் பிற்பகுதியில் இன்னொரு திட்டம். ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று வட்டாரங்களை எடுத்துக்கொண்டு, மாணவர்களை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பயிற்றுவிக்க வேண்டும் என்றார்கள். நடமாடும் மருத்துவ வண்டிகளும் கொடுத்தார்கள். 1978இல் அல்மா ஆட்டாவில் 'அனைவருக்கும் நலவாழ்வு' என்று உலக நாடுகளோடு சேர்ந்து இந்தியாவும் கையெழுத்துப் போட்டது. போட்ட கையெழுத்து ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. கல்லூரிகள் வார்டுக்குள்ளேயே இருந்துவிட்டன.

2002இல் தேசிய நலவாழ்வுக் கொள்கை வந்தது. அதில் ஒரு வரி இருக்கிறது, நம் தோழர்கள் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்: முதுநிலை மருத்துவ இடங்களில் நான்கில் ஒரு பங்கைப் பொது சுகாதாரத்துக்கும் குடும்ப மருத்துவத்துக்கும் ஒதுக்கும் நிலையைப் படிப்படியாக எட்ட வேண்டும் என்பது அரசே வைத்துக்கொண்ட இலக்கு. நான்கில் ஒன்று! 2019இல் வந்த தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் குடும்ப மருத்துவ மேற்படிப்பை வளர்ப்பதை ஆணையத்தின் கடமைகளில் ஒன்றாக எழுதியிருக்கிறது. ஆனால் நாடு முழுவதும் குடும்ப மருத்துவத்தில் எம்.டி. தருகிற கல்லூரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் முதலில் தொடங்கியது பக்கத்து மாநிலத்தின் கோழிக்கோடு. தேசியத் தேர்வு வாரியத்தின் டி.என்.பி. பட்டம் இருக்கிறது, அதன் பயிற்சியும் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைக் கட்டடத்துக்குள்தான். சொல் மட்டும் வெளியே வந்திருக்கிறது. காசு உள்ளேயே இருக்கிறது.

இப்போது புதிதாக ஒன்று: ஒவ்வொரு மருத்துவ மாணவரும் சில குடும்பங்களைத் 'தத்தெடுக்க' வேண்டுமாம். போகட்டும், பிள்ளைகள் ஊருக்குள் போவது நல்லதுதான். ஆனால் அந்தச் சொல்லைப் பாருங்கள். இருபது வயதுப் பையன், நாற்பது வருஷம் நாற்று நட்ட கிழவியைத் தத்தெடுக்கிறான். யாருக்கு யார் பிள்ளை? கற்றுக்கொள்ளப் போகிறவன் கற்றுக்கொள்கிறேன் என்று சொல்ல மாட்டான், தத்தெடுக்கிறேன் என்பான். சேரியை எப்போதும் அனாதையாகப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அந்தச் சொல்தான் வரும்.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். இங்கே சிக்கல் கொஞ்சம் நுட்பமானது.

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் 50 விழுக்காடு இடம் என்பது நாம் போராடிக் காத்த ஏற்பாடு. இதனால்தான் இளம் டாக்டர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தார்கள். 2017இல் மத்திய விதிகளையும் நீட்டையும் காட்டி அதைப் பறித்தார்கள். 2020 ஆகஸ்ட் 31இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, இப்படி இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொன்னது. அது நல்ல வெற்றி. அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

ஆனால் அந்த வழி எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். டாக்டர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். காலையில் நூறு, நூற்றைம்பது பேர் ஓ.பி. மத்தியானத்துக்கு மேல் நுழைவுத் தேர்வுப் புத்தகம். இரண்டு மூன்று வருஷத்தில் இடம் கிடைக்கிறது. அரசுச் சம்பளத்தோடு போய் எலும்பு, இதயம், கதிரியக்கம் என்று ஏதோ ஒன்று படிக்கிறார். படித்து முடித்தவர் மாவட்ட மருத்துவமனைக்கோ கல்லூரிக்கோ போகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்புவதில்லை. திரும்பினாலும் அவர் படித்த படிப்புக்கு அங்கே வேலை இல்லை. அதாவது, கிராமத்து மருத்துவருக்காக அரசு செலவழிக்கிற பயிற்சிப் பணம் முழுவதும் அவரைக் கிராமத்திலிருந்து வெளியே அனுப்பும் பயணச்சீட்டாக இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையம் ஒரு பஸ் ஸ்டாண்ட். டாக்டர் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார். அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. அங்கேயே தங்கி உயர ஒரு படிப்பும், ஒரு பதவியும், ஒரு சம்பளமும் வைக்காமல் அவரை எந்த நியாயத்தில் தங்கச் சொல்வது?

நிர்வாகத்தின் முடிச்சும் இதில் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையங்கள் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ். தாலுகா, மாவட்ட மருத்துவமனைகள் மருத்துவப் பணிகள் இயக்ககத்தின் கீழ். பயிற்சி, பட்டம், பேராசிரியர் எல்லாம் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். மூன்று கட்டடம், மூன்று கணக்கு. சர்க்கரை நோயாளி ஒரு கட்டடத்தில், அவரைப் பார்க்கக் கற்றுத்தரும் காசு இன்னொரு கட்டடத்தில். இந்தச் சுவரைத் தாண்டிப் பணம் வர வேண்டும் என்பதுதான் நம் கோரிக்கையின் சாரம்.

குடும்ப டாக்டர் என்றால் யாருடைய குடும்பம்? சினிமாவில் பார்த்திருக்கிறோம். பங்களா, தோல் பெட்டியோடு மாடிப்படி ஏறும் டாக்டர், ஒரு ஊசி, ஒரு புன்னகை, 'கவலைப்படாதீங்க'. அந்தப் படங்களில் எதிலாவது அந்த டாக்டர் சேரிக் குடிசைக்குள் குனிந்து நுழைந்ததுண்டா? கிராமத்தில் கட்டி கீறியவரும் நாடி பிடித்தவரும் அம்பட்டர் வீட்டு ஆண்கள், பிரசவம் பார்த்தவர்கள் அந்த வீட்டுப் பெண்கள். மருத்துவர், மருத்துவச்சி என்பது அவர்களுக்கே உரிய பெயராக இருந்தது. அவர்களையும் தாழ்த்திவைத்த சாதி, அவர்களையும் சேரிக்குள் வரவிடவில்லை. சேரியின் பிரசவத்தைச் சேரிக் கிழவிகளே பார்த்துக்கொண்டார்கள். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய பண்டிதர் அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். உடம்பைத் தொட்டு வைத்தியம் பார்த்தவர்தான் நம் விடுதலை அரசியலையும் எழுதினார். அது தற்செயல் என்று நாம் நினைக்கவில்லை.

தொடுதல்தான் இங்கே விஷயம். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் தீண்டாமையை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குள் வர மறுத்ததைப் பதிவு செய்தது. வீட்டுக்கு வந்து பார்க்கிற மருத்துவம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை எந்தப் பாடத்தில் சேர்த்திருக்கிறார்கள்? சர்க்கரை நோயாளியின் பாதத்தைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. சேரிக்காரர் பாதத்தைக் கையில் எடுக்க ஒரு சாதிக் கை தயங்கும் என்று பாடப்புத்தகம் சொல்லாது. அந்தத் தயக்கத்தில் இரண்டு விநாடி போகும். அந்த இரண்டு விநாடியில் கொப்புளம் கண்ணுக்குத் தப்பும். ஆகவே பயிற்சி என்று நாம் சொல்வது மருந்து, அளவு, பதிவேடு ஆகியவற்றோடு முடியாது. சாதியை உடம்பிலிருந்து இறக்கிவைக்கும் பயிற்சியும் அதில் இருந்தாக வேண்டும்.

'இதெல்லாம் நடக்கிற காரியமா?' என்று கேட்பவர்கள் உண்டு. நடந்திருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் மத்தியில்தான் நடந்திருக்கிறது. 1972இல் மும்பையில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை அமெரிக்கக் கறுப்பினத் தோழர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது போல, நாமும் அங்கிருந்து ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் பொலேலா என்ற கறுப்பின மக்கள் பகுதி. 1940இல் சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற மருத்துவத் தம்பதி அங்கே ஒரு சுகாதார நிலையம் தொடங்கினார்கள். வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். உள்ளூர் ஜூலு மக்களையே பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பிள்ளைகளின் சத்துக்குறைவுக்குக் காய்கறித் தோட்டம் போட்டார்கள். பிறகு டர்பனில் - நம் முன்னோர் 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் போய் இறங்கிய அதே டர்பனில் - இந்த வேலையைக் கற்றுத்தர ஒரு பயிற்சி நிறுவனமே அமைந்தது. நாடு முழுவதும் 400 நிலையங்கள் வேண்டும் என்று ஓர் அரசு ஆணையம் பரிந்துரைத்தது. 1948இல் நிறவெறிக் கட்சி ஆட்சிக்கு வந்தது. ஆதரவு வற்றியது, காசு வற்றியது, பயிற்றுவித்தவர்கள் நாட்டை விட்டுப் போனார்கள். 1960 வாக்கில் எல்லாம் கலைந்துவிட்டது.

ஆனால் கலைவதற்கு முன்பு, 1957இல், ஜாக் கைகர் என்ற அமெரிக்க மருத்துவ மாணவர் அங்கே வந்து சில மாதம் பயின்றிருந்தார். 1960களில் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் மிசிசிப்பிக்குப் போனவர், பொலேலாவில் கற்றதை அங்கே செய்தார். விடுதலையான அடிமைகள் உருவாக்கிய மவுண்ட் பையூ என்ற ஊரில் மத்திய அரசின் வறுமை ஒழிப்புப் பணத்தில் மருத்துவ நிலையம் வந்தது. பட்டினியில் வந்த பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் சோறு எழுதிக் கொடுத்தார்கள். மருந்துக்கான பணத்தில் மளிகையா என்று அதிகாரிகள் கேட்டபோது, பட்டினிக்கு மருத்துவப் புத்தகம் சொல்லும் மருந்து உணவுதான் என்று பதில் போனது. கூட்டுறவுப் பண்ணை வந்தது, கிணறு வந்தது, கழிப்பறை வந்தது.

இதிலிருந்து பயிற்சிப் பணத்துக்கான பாடமும் அங்கேயே இருக்கிறது. அமெரிக்காவில் மருத்துவர் பயிற்சிக்கான அரசுப் பணம் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைகளுக்கே போய்க்கொண்டிருந்தது, நம் ஊர் போலவே. 2010இல் வந்த நலவாழ்வுச் சட்டம் ஒரு சின்ன வாய்க்காலைத் திருப்பியது. ஏழைகள் வருகிற சமூக மருத்துவ நிலையங்களுக்கே பயிற்சிப் பணத்தை நேராகக் கொடு, குடும்ப மருத்துவர் அங்கேயே பயிலட்டும் என்றது. 2011 முதல் ஐந்து வருஷத்துக்கு 23 கோடி டாலர். அப்படிப் பயின்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக ஏழைகள் வாழும் பகுதிகளிலேயே வேலைக்குத் தங்கினார்கள். காசு போகிற திசையில் டாக்டர் போகிறார், அவ்வளவுதான் ரகசியம். ஆனால் அந்தப் பணத்தை நிரந்தரமாக்கவில்லை. சில வருஷத்துக்கு ஒருமுறை, சில சமயம் மாதக் கணக்கில், நீட்டி நீட்டித்தான் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வருஷப் படிப்புக்கு ஆள் சேர்க்கிறவன் அடுத்த வருஷம் காசு வருமா என்று தெரியாமல் எப்படிச் சேர்ப்பான்? ஆட்சி மாறினால் அறுந்துபோகிற பணம் நமக்கு வேண்டாம். சட்டத்தில் கட்டிய பணம் வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளிருந்தே ஒரு கேள்வி வரும். அது நியாயமான கேள்வி, ஒதுக்கித் தள்ளக் கூடாது. 'நம்ம பிள்ளை தலைமுறையில முதல் ஆளா டாக்டராகியிருக்கு. அதையும் கிராமத்துக்கே போன்னு சொல்றீங்களா? அவனுங்க பிள்ளை இதய நிபுணர், நம்ம பிள்ளை மாத்திரை டாக்டரா?'

1,200க்கு 1,176 மார்க் வாங்கிய அரியலூர் மாவட்டத்து அனிதாவுக்கு 2017இல் எம்.பி.பி.எஸ். கதவையே மூடிய நாடு இது. எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் ஒதுக்கப்பட்டதைத் தோரட் குழு 2007இல் எழுதிக் கொடுத்த பிறகும், 2019இல் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடி மருத்துவர் முதுநிலைப் படிப்பின் நடுவில் இறந்துபோன நாடு இது. இந்த நாட்டில் நம் பிள்ளைகளுக்கு மட்டும் 'சேவை' என்று உபதேசம் செய்ய நாம் வரவில்லை. இதய அறுவையிலும் மூளை அறுவையிலும் நம் பிள்ளைகள் இருக்க வேண்டும், ஒதுக்கீடு அங்கேயும் கறாராக நடக்க வேண்டும். குடும்ப மருத்துவம் தலித் டாக்டருக்கு ஒதுக்கிய இன்னொரு சேரியாக மாறினால் அதை நாமே எதிர்ப்போம். நாம் கேட்பது வேறு. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிக்கிற, எம்.டி. பட்டம் உள்ள, மற்ற நிபுணர்களுக்குச் சமமான சம்பளமும் பதவி உயர்வும் உள்ள ஒரு துறையாக அது இருக்க வேண்டும். கௌரவம் என்பது காற்றிலிருந்து வராது. சம்பளப் பட்டியலிலிருந்தும் நாற்காலியிலிருந்தும் வரும்.

இன்னொரு கேள்வி: 'நமக்கு மட்டும் என்ன அரைகுறை டாக்டர்? நிபுணரையே அனுப்பட்டும்!' தோழர்களே, நூறு பேர் நோயில் பெரும்பாலானவர்களுக்கு நிபுணர் தேவையில்லை, தொடர்ந்து கவனிக்கிற ஒருவர் தேவை. நிபுணர் தேவைப்படுகிறவரை நேரத்தில் அடையாளம் கண்டு அனுப்பவும் அந்த ஒருவர்தான் தேவை. அவர் இல்லாததால்தான் கால் கறுத்த பிறகு நிபுணரைப் பார்க்கிறோம்.

ஆகவே நம் கோரிக்கைகள்:

1. 2002 கொள்கை சொன்ன நான்கில் ஒரு பங்கு என்ன ஆனது என்று மத்திய, மாநில அரசுகள் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டின் ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரியிலும் குடும்ப மருத்துவ எம்.டி. இடங்கள் வேண்டும். அரசுப் பணி மருத்துவர்களின் 50 விழுக்காட்டில் அதற்கென்று ஒரு பங்கு வேண்டும்.

2. அந்தப் படிப்பின் பெரும்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தாலுகா மருத்துவமனையிலும் நடக்க வேண்டும். பயிற்சிப் பணம், ஆசிரியர் பதவி, விடுதி, நூலகம் எல்லாம் அங்கேயே வர வேண்டும். கல்லூரிக் கணக்கில் போட்டுவிட்டு 'அனுப்பிவைக்கிறோம்' என்று சொல்வது ஏமாற்று.

3. ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கும் டாக்டர்களுக்குப் பணியிலிருந்தபடியே, சம்பளம் குறையாமல் பயிற்சி. அவர் படிக்கப் போகும் நாளில் ஓ.பி. பார்க்க மாற்று டாக்டர். மாற்று ஆளுக்குக் காசு ஒதுக்காத பயிற்சித் திட்டம் எதுவும் காகிதத்தைத் தாண்டாது.

4. கிராம சுகாதார செவிலியரும் வீடு வீடாகப் போகும் தன்னார்வலரும் இந்தப் பயிற்சியின் ஆசிரியர்களாக ஏற்கப்பட வேண்டும். ஊர் அவர்களுக்குத்தான் தெரியும். கற்பிப்பதற்கான ஊதியம் தர வேண்டும், தன்னார்வலர் என்ற பெயரில் உழைப்பைச் சுரண்டுவது நிற்க வேண்டும்.

5. தீண்டாமை பாடத்தில் இருக்க வேண்டும், தேர்விலும் இருக்க வேண்டும். சேரி வீட்டுக்குப் போகாத பயிற்சி மருத்துவருக்குப் பட்டம் இல்லை.

6. பட்டியல் சாதி, பழங்குடியினர் வளர்ச்சிக்கான நிதிக்குத் தமிழ்நாடு 2024இல் தனிச்சட்டம் செய்திருக்கிறது. அந்தப் பணம் பொதுக் கணக்கில் கரைந்துபோகாமல், சேரிகளை ஒட்டிய நிலையங்களில் இந்தப் பயிற்சி இடங்களை உருவாக்கப் பெயர் சொல்லிச் செலவிடப்பட வேண்டும்.

இவற்றைக் கேட்பதற்கு நாம் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு டாக்டரை உருவாக்கும் பணத்தில் சேரியின் காசும் இருக்கிறது. வாங்குகிற செருப்பிலும் பிஸ்கட்டிலும் நம் சனங்கள் வரி கட்டியிருக்கிறார்கள்.

கிராம சபை ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கூடுகிறது. அடுத்த சபையில் எழுந்து நின்று நான்கு கேள்வி கேளுங்கள். நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்தில் கடந்த ஐந்து வருஷத்தில் எத்தனை டாக்டர் மாறினார்கள்? சேரியில் சர்க்கரை உள்ளவர்கள் எத்தனை பேர் பதிவேட்டில் இருக்கிறார்கள்? அவர்களில் எத்தனை பேரின் பாதத்தை இந்த வருஷம் டாக்டர் பார்த்தார்? அந்த டாக்டருக்கு இதற்கென்று பயிற்சி கொடுத்தீர்களா, யார் காசில், எத்தனை நாள்? பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி எழுத்தில் கேளுங்கள். மருத்துவக் கல்லூரியில் படிக்கும் தோழர்கள் தங்கள் கல்லூரியிலும் இதே கேள்வியை வையுங்கள். வரும் பதில்களை நமக்கு அனுப்புங்கள். இதே பக்கங்களில் ஊர் ஊராக, சேரி சேரியாக வெளியிடுவோம்.